வடசென்னையில் காரின் பெயிண்டைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, பட்டறையில் நின்றபடியே அவசரமாகச் சொல்லி முடித்த பதில்களை இங்கே விளக்கமாக எழுதியிருக்கிறேன். பணம் செலவழித்துச் சரிசெய்ய வேண்டியிருந்த பழுதுகளில் பல, ஒரு வாளித் தண்ணீரைச் சரியான நேரத்தில் ஊற்றியிருந்தால் வந்தே இருக்காது என்பதை அன்றாடம் பார்ப்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

வண்டியை நான் எங்குமே இடிக்கவில்லை. ஆனாலும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. இவை எப்படி வந்தன?

காய்ந்த துணியால் வந்தன. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டிக்கியில் கிடக்கும் மஞ்சள் துணியையோ பழைய பனியனையோ எடுத்து, இரவெல்லாம் படிந்த தூசியைப் பரபரவென்று துடைத்துவிட்டுக் கிளம்புவது நம் ஊரில் நல்ல பழக்கமாகவே கருதப்படுகிறது. ஆனால் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே அகப்பட்ட தூசி உப்புத்தாளைப் போல அறுக்கிறது என்பதும், கை வட்டமாகச் சுற்றினால் கோடும் வட்டமாகவே விழும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒருநாள் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடம் துடைத்தால் கறுப்பு வண்டி சாம்பல் பூத்தது போலாகிவிடும்.

இதற்கு எவ்வளவு சிறிய உரசல் போதும் என்பதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். தெருவில் பல நாள் நின்ற ஒரு கருநீல வண்டியின் டிக்கியில், தூசியின் மேல் ஏதோ ஒரு பிள்ளை விரலால் தன் பெயரை எழுதியிருந்தது. வண்டியைக் கழுவி, ஷாம்பு போட்டு, உலர்த்தி, மெழுகும் பூசிய பிறகு மாலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக அப்படியே நின்றது. ஒரு குழந்தையின் விரல் நுனி அழுத்தத்துக்கே அத்தனை ஆழம் என்றால், பெரியவர் ஒருவர் முழங்கை வலுவோடு துடைப்பது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெயிண்ட் அவ்வளவு மெல்லியதா?

ஆம். தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புக்காக மின்முறையில் ஏற்றப்படும் ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறம் வெளுக்காமல் காப்பதும் அந்த அடுக்குதான். ஒவ்வொரு முறை கம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷின் பாலிஷ் செய்யும்போதும் அதில் சில மைக்ரான் போய்விடும், திரும்ப வராது. எனவே வருடத்துக்கு இரண்டு முறை ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுக்கொள்வது வண்டிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வடசென்னைக்கு மட்டும் அப்படி என்ன தனிச் சிக்கல் இருக்கிறது?

உப்பு, சாம்பல், இரும்புத்தூள் மூன்றும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் அலையிலிருந்து எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து வண்டியின் மேல் உலர்ந்து, உப்பாகத் தங்கிவிடுகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளும் விடியற்காலைகளும் அந்த அளவைத் தாண்டுபவை. ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் வண்டியின் மேல் இரவுதோறும் மெல்லிய உப்புத் தண்ணீர் இருக்கிறது. பெயிண்ட் முழுதாக இருக்கும் இடத்தில் இதனால் பெரிய கேடில்லை. ஒரு சிறு கல் தெறித்துத் தகடு தெரிந்த இடத்தில் அது துருவை விரைவாக வளர்க்கும்.

சாம்பல் வேறு வகை. அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பல் குளங்களும் இருக்கும் பகுதியில், எண்ணூர், மணலிப் பக்கம் நிறுத்திய வண்டிகளின் மேல் மாவு போன்ற சாம்பல் படிவதை அங்கிருப்பவர்கள் நன்கு அறிவார்கள். கையில் எடுத்தால் மென்மையாகத் தெரியும் அந்தச் சாம்பல் உண்மையில் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த, கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகள். கிளியர் கோட்டைவிடக் கடினமானவை. ராயபுரத்து முதியவர்கள் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கரித்தூள் படிந்த காலத்தைச் சொல்வார்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. அந்தப் பக்கத்து வண்டிகளுக்கும் அது விடிவுதான்.

மூன்றாவது, ரயில் யார்டு, வெல்டிங் பட்டறை, கனரக லாரிகளின் பிரேக் ஆகியவற்றிலிருந்து பறக்கும் இரும்புத்தூள். வெள்ளை வண்டியின் கதவில் மிளகாய் விதை அளவுக்கும் சிறிதாக ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். மேலே வந்து ஒட்டிய இரும்புத்தூள்தான் துருவேறியிருக்கிறது. தெளித்தால் ஊதா நிறமாகும் ஒரு திரவத்தாலும் கிளே பார் என்ற களிமண் கட்டியாலும் அதை எடுத்துவிடலாம்.

அப்படியானால் வண்டியை எப்படித்தான் துடைப்பது?

துடைப்பதற்கு முன் தண்ணீர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிழலில், பானெட்டைத் தொட்டால் சூடில்லாத நேரத்தில் கழுவ வேண்டும். விடியற்காலை சிறந்தது. முதலில் கூரையிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாகத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், கையோ துணியோ பட வேண்டாம். குழாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குவளையால் மொண்டு ஊற்றினாலும் போதும். உப்பு கரைந்துவிடும், சாம்பலில் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். துணி தொட வேண்டியது அதற்குப் பிறகு மிஞ்சும் அழுக்கை மட்டும்தான்.

பிறகு இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையையோ துணியையோ ஷாம்புவில் நனைத்து ஒரு கதவைக் கழுவியதும், வெறும் நீர் வாளியில் நன்றாக அலசிய பிறகே திரும்ப ஷாம்புவில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியில் மாற்றி மாற்றித் தோய்த்தால், முதல் கதவில் எடுத்த மண்ணை நான்காவது கதவில் தேய்ப்பதாகிவிடும். வேலை முடிந்தபின் வெறும் நீர் வாளியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். நறநறவென்று ஒரு படலம் தட்டுப்படும். அத்தனையும் உங்கள் பெயிண்டில் கோடாக விழுந்திருக்க வேண்டியது. துணியை வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி துவைக்கும் பவுடரும் அழுக்கோடு சேர்த்து மேலே இருக்கும் மெழுகையும் எடுத்துவிடுகின்றன. கார் ஷாம்பு ஒரு வாளிக்குச் சில மூடிகள்தான் செலவாகும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

வாரம் ஒரு முறை இப்படிக் கழுவினால் போதும். நடுவில் தூசி படிந்தால், கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் ஈரத் துணியால் சுத்தம் செய்துகொண்டு மற்ற இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். தூசி படிந்த வண்டி அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் படிந்து கிடக்கும் தூசியால் கீறல் விழுவதில்லை. மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்க ஆள் வைத்திருப்பவர்கள், அவரிடம் தினமும் துடைக்கச் சொல்வதைவிட வாரம் இரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி அதே சம்பளத்தைக் கொடுங்கள். பத்து வண்டிக்கு ஒரே வாளி, ஒரே துணி என்று அவர் சமாளிக்க வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்கென்று இரண்டு துணி வாங்கிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை எளிது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதில் கழுவலாமா?

கழுவலாம், ஆனால் உலர விடக்கூடாது. உப்பும் சுண்ணமும் மிகுந்த தண்ணீர் வெயிலில் தானாக உலர்ந்தால் ஒவ்வொரு துளியும் நின்ற இடத்தில் வெள்ளை வளையம் விழும். நாள்பட்டால் அந்த வளையம் கிளியர் கோட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். ஆகவே போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி ஒரு வாளி மட்டும் மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ ஊற்றி, உடனே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். புதிதாக விழுந்த வளையத்தின் மேல் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்தெடுத்து, நல்ல நீரால் அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

காகத்தின் எச்சம், மரப்பிசின், மீன் லாரித் தண்ணீர், தார்: எதற்கு எவ்வளவு அவசரம்?

எச்சத்துக்குத்தான் மிகுந்த அவசரம். அதில் இருக்கும் அமிலம் ஒருபுறம் இருக்க, வெயிலில் சூடாகித் தளர்ந்த கிளியர் கோட், எச்சம் காய்ந்து இறுகும்போது அதனோடு சேர்ந்து இழுபட்டு, மாலையில் குளிரும்போது அந்த வடிவிலேயே உறைந்துவிடும். கத்திரி வெயிலில் காலையில் விழுந்த எச்சம் மாலைக்குள் தழும்பாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுரண்டாதீர்கள், நனைத்த துணியையோ நனைத்த காகிதத்தையோ அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் மேலே தூக்கி எடுங்கள். இதற்காகவே வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் உருகி வழியும் லாரியின் பின்னால் சென்றால், அந்த நீர் முன்பக்கக் கண்ணாடியிலும் பானெட்டிலும் தெறிக்கும். நாற்றத்தைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். அதில் இருக்கும் உப்பையும் சேர்த்து அன்றே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது நல்லது. நிழலுக்காகத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுப்பாகச் சொட்டும் பூச்சித் தேனையும் அப்படியே வெந்நீர்த் துணியால் எடுக்கலாம்.

தார்ப்புள்ளிக்குத் தார் நீக்கியோ சிறிது மண்ணெண்ணெயோ துணியில் தொட்டு மெல்லத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவி, அந்த இடத்துக்கு மெழுகு பூச வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளுக்குள் வந்தபோது, கதவின் பாதி உயரத்துக்குக் கறுப்புக் கோடு பதிந்த வண்டிகளையும் இதே முறையில்தான், ஒரு சாண் இடமாகப் பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கறையாகிவிட்டன. தவிர்ப்பது எப்படி?

பூஜை போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பட்டறையிலும் ஒவ்வொரு வண்டிக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்புகிறோம். சந்தனத்தையும் குங்குமத்தையும் பானெட்டின் பெயிண்டில் வைப்பதற்குப் பதில் முன்பக்கக் கண்ணாடியின் ஓரத்திலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். கண்ணாடி கறையை ஏற்காது. பானெட்டில் வைத்தால் அன்று மாலையே தண்ணீரால் கரைத்து எடுத்துவிடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் நாட்கணக்கில் வெயிலில் கிடந்தால், வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பு நிழலாக ஊறிவிடும். வாழைக்கன்றையும் மாலையையும் கம்பியால் கட்டாமல் நாராலோ துணி நாடாவாலோ கட்டுங்கள். வண்டி ஓடும்போது ஆடும் கம்பி பம்பர் ஓரத்தை அரம் போல ராவிவிடுகிறது. பூசணிக்காயை வண்டிக்கு நான்கடி தள்ளி உடைத்து, சிதறல்களை உடனே ஓரமாக ஒதுக்கினால் பின்னால் வருபவரும் வழுக்கி விழ மாட்டார்.

கீறல் விழுந்துவிட்டது. பட்டறைக்குப் போக வேண்டியதா, நானே சரிசெய்யலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த இடத்தைக் கழுவி, கீறலின் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் கோடு மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. மறையவில்லை என்றால் நகத்தைக் குறுக்காக மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டித் தடுக்கினால் ஆழம் அதிகம், பாலிஷில் போகாது. உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை இறங்கியிருக்கிறது. பளிச்சென்று உலோகம் தெரிந்தால் அந்த வாரமே மூடியாக வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துருவேறாது. அதற்கு அவசரம் இல்லை, கையில் பணம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றொரு வண்டி உரசிய இடத்தில் அந்த வண்டியின் நிறம் நம் வண்டியின் மேல் ஏறி ஒட்டியிருக்கும். பார்க்கப் பெரிய காயம் போலத் தெரியும் அதில் பாதி, மென்மையான பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அதைச் செய்துபார்க்காமலேயே முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டூத்பேஸ்ட் போட்டால் கீறல் போய்விடும் என்கிறார்களே?

டூத்பேஸ்டில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்துகள் இருப்பதால் மிக மெல்லிய கோட்டின் விளிம்பை அது மழுக்கும்; ஆனால் துகளின் அளவு எப்படிப்பட்டது என்று தெரியாமல் தேய்ப்பதால் சுற்றிலும் மங்கலான ஒரு வட்டம் விழுந்துவிடும். கார் பெயிண்டுக்கென்றே விற்கும் ‘ஃபைன்’ பாலிஷ் சிறிய டப்பாவாகக் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய் கோட்டை நிரப்பி இரண்டு நாள் மறைக்கும், பிறகு தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். கரிக்கட்டை, புளி, தேய்க்கும் நார் ஆகியவை பித்தளைப் பாத்திரத்தோடு நிற்கட்டும்.

கல் தெறித்த புள்ளிக்கு வீட்டிலேயே டச்-அப் செய்வது எப்படி?

முதலில் பெயிண்ட் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் பட்டையில் அது இருக்கும். ‘வெள்ளை’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் வெள்ளையிலேயே பல வெள்ளை இருப்பது பூசியபின்தான் தெரியும். ஷோரூமின் உதிரிபாகப் பிரிவிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

புள்ளியைக் கழுவி உலர்த்தி, துரு இருந்தால் மடித்த மெல்லிய உப்புத்தாளின் முனையால் அந்தப் புள்ளிக்குள் மட்டும் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். உலோகம் தெரிந்தால் ஒரு சொட்டு பிரைமர் தேவை. பாட்டிலோடு வரும் தூரிகை பெரிதாக இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு, பல் குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் வையுங்கள். துளி தானாகப் பரவி விளிம்பில் போய் நிற்கும். இழுத்துப் பூசக்கூடாது. ஒரு தடவையில் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசையில் பெரிய துளியாக வைத்தால் அது பொட்டு போலப் புடைத்து நிற்கும், எனவே அரைமணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று மெல்லிய துளிகளாக வைத்து, ஒரு நாள் உலரவிட்டு, அதன் மேல் கிளியர் ஒரு துளி வையுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த மழைநாளில் இந்த வேலையைச் செய்தால் பெயிண்ட் பால் போல வெளுக்கும். அருகில் நின்று பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். இந்த வேலையின் நோக்கம் துருவை நிறுத்துவது, அழகு இரண்டாம்பட்சம்.

மெழுகு, டெஃப்ளான், செராமிக், பிபிஎஃப்: எதற்குப் பணம் கொடுப்பது தகும்?

தினமும் தெருவில் நிற்கும் சாதாரண வண்டிக்கு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே பூசும் மெழுகு போதும் என்பது என் எண்ணம். ‘டெஃப்ளான் கோட்டிங்’ என்ற பெயரில் கடைகளில் போடப்படுவது பெரும்பாலும் சில மாதங்கள் தாங்கும் செயற்கை மெழுகுப் பூச்சுதான்; கெடுதல் இல்லை, ஆனால் அந்தப் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையிலானது. முறையாகப் போட்டால் ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுவதால் உப்பும் சாம்பலும் எளிதாகக் கழுவப்படும், எச்சத்தைத் துடைக்கச் சிறிது அவகாசமும் கிடைக்கும். கடற்கரைத் தெருவில் வண்டி நிறுத்துபவருக்கு இது பயன்படும். ஆனால் சாவியால் கீறினால் கீறல் விழாது, கல் தெறித்தால் பெயர்ந்து போகாது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், அது ஒரு சில மைக்ரான் பூச்சு மட்டுமே. போடுவதற்கு முன் இருக்கும் கோடுகளைப் பாலிஷ் செய்து எடுத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; எடுக்காமல் போட்டால் கோடுகளும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

கல்லையும் உரசலையும் உண்மையாகவே தாங்குவது பிபிஎஃப் என்ற பாலியூரித்தேன் படலம்தான். சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருப்பதால், வண்டியின் மொத்தப் பெயிண்டைவிடப் பெரும்பாலும் அதுவே தடித்தது. தரமான படலத்தில் விழும் மெல்லிய கோடுகள் வெயிலில் தானாக மறையும். விலை மிக அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அன்றாடம் ஓடும் வண்டிக்கு, முன் பம்பர், பானெட்டின் முன்பாதி, சைடு மிரர், கதவுக் கைப்பிடிக் குழிவு ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது அறிவான செலவு.

வண்டிக்குக் கவர் போடலாமா?

கூரையுள்ள இடத்தில் போடலாம். தெருவில் கடற்காற்று வீசும் இடத்தில் கவர் இரவெல்லாம் படபடத்து, அடியில் அகப்பட்ட தூசியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும். போட்டே தீர வேண்டும் என்றால், உள்பக்கம் மென்துணி வைத்த, காற்று புகும் கவராகப் பார்த்து, கழுவி உலர்ந்த வண்டியின் மேல் இறுக்கமாகக் கட்டுங்கள்.

குறுகலான தெருவில் நிறுத்துகிறேன். இருசக்கர வாகனங்கள் உரசிவிட்டுப் போகின்றன. என்ன செய்வது?

ஒரு பக்கச் சுவரை ஒட்டி, ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு நிறுத்தி, சைடு மிரரை மடக்கி வையுங்கள். கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டையும், பின் பம்பரின் முனைகளுக்கு ரப்பர் காப்பும் ஒட்டலாம். பண்டிகைக் காலத்தில் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்குவதுதான் பெயிண்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம். சாலையில் லாரிக்குப் பின்னால் நான்கு வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள். லாரி டயர் எறியும் கல் அந்தத் தூரத்தில் வேகம் குறைந்துவிடும்.

வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கிறது. அடியில் துரு இருக்குமா?

இருக்கலாம், உப்பு அதிகம் தங்குவது அங்கேதான். மாதம் ஒரு முறை வாட்டர் சர்வீசில் அடிப்பகுதிக்கும் மட்கார்டு உள்வளைவுக்கும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் இரண்டு மூன்று சிறிய வடிகால் துளைகள் இருக்கும். மண் அடைத்தால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். கதவை ஆட்டினால் சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அதுதான். பிளாஸ்டிக் குச்சியால் துளையைத் திறந்துவிட்டால் போதும், கம்பி வேண்டாம். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் வேப்பிலைச் சருகையும் ஐப்பசி மழைக்கு முன் அள்ளிவிடுங்கள்.

பெயிண்ட் அல்லாத சிறு பராமரிப்பில் எவற்றை நானே பார்த்துக்கொள்ளலாம்?

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் கழித்தல் குறியுள்ள முனையைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரை பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து உலர்த்தி, மாட்டிய பின் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது கழித்தல் முனை கடைசி. டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். சாம்பல் பகுதியில் ஓடும் வண்டிகளின் ஏசி ஃபில்டர் புத்தகத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே அடைத்துவிடுவதால் மழைக்கு முன்னும் பின்னும் கழற்றிப் பாருங்கள். வைப்பர் ரப்பரை ஈரத் துணியால் துடைத்து வையுங்கள். அதில் ஒட்டிய மணல்தான் கண்ணாடியில் வளைவுக் கோடு போடுகிறது. கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையிலோ கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால்?

மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியில் நீர் புகுந்திருந்தால், நீரை அழுத்த முடியாமல் பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில்தான் இன்ஜின் போகிறது. இறங்கி, ஆட்களை வைத்துத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, கட்டி இழுத்துப் பட்டறைக்கு அனுப்புங்கள். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைப் புதுப்பிக்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய கீறலுக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடு, பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 விழுக்காடு வரை உங்கள் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. ஒரு க்ளெய்ம் போட்டால், தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பிரிவு இல்லாதபோது, அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இழக்கும் தள்ளுபடித் தொகையைவிடப் பெயிண்டர் கேட்கும் கூலி குறைவாக இருந்தால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். பட்டறையில் கூலி பேசும்போது, பள்ளத்தை நிரப்பும் பட்டி எவ்வளவு போடப் போகிறார், கிளியர் அடிக்கிறாரா, நிறத்தைக் கலந்து பக்கத்துக் கதவோடு வைத்துக் காட்டுவாரா என்ற மூன்றையும் கேளுங்கள். புதிதாக அடித்த பெயிண்டுக்கு ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம், சுமார் ஒரு மாதம் மெழுகும் வேண்டாம். அதற்குள் பூசினால் உள்ளிருந்து ஆவியாக வேண்டிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் மங்கிவிடும்.